பாதிக் கரண்ட்

ராத்தா,

நேற்று ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவில், நாம் இரண்டு பேரும் பாத்திரம் வாங்கப் போவோமே, அந்தச் சந்துக்குள் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் மேல்படிப்புக்குக் கனடா போகிறாள். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஃப்ரிட்ஜைத் திறப்பாளே, அவள்தான். எல்லா நாட்டுச் சுவரிலும் மாட்டுகிற மாதிரி ஒரு பிளக் அடாப்டர் வேண்டுமாம். கடைக்காரர் வெள்ளை நிறத்தில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் இருந்த விசையைத் தள்ளித் தள்ளி, இது ஊருக்கு, இது அமெரிக்காவுக்கு, இது ஐரோப்பாவுக்கு என்று ஒவ்வொரு ஜோடிக் கம்பியாக வெளியே நீட்டிக் காட்டினார். புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது.

இது கரண்டையும் மாற்றுமா என்று கேட்டேன். மாற்றாது, கம்பியின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், கரண்டைக் குறைக்க வேண்டுமென்றால் கன்வர்ட்டர் தனியாக வாங்க வேண்டும் என்றார். இந்தக் காலத்து சார்ஜர் எல்லாம் எந்தக் கரண்டையும் தாங்கும் என்று மகள் எனக்கு விளக்கினாள். தெரியும் என்றேன். ஆனாலும் அவர் நீட்டிய பொருளை வாங்க எனக்குக் கை வரவில்லை. அவளே பணம் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் கடைக்கு வெளியே வந்து, பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். நெஞ்சு சமாதானமாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மக்காவில் அந்த அறையில் நடந்ததை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் என்ன சுவர், அட்டையை நிறுத்தி வைத்து சுண்ணாம்பு பூசின மாதிரி. நீங்கள் தும்மினால் இங்கிருந்து நான் பதில் சொல்லலாம். உங்கள் ஊரும் என் ஊரும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருந்தும் நாம் பார்த்துக்கொண்டது ஷார்ஜாவில்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், லிஃப்டில், என் கையிலிருந்த மீன் பையை எட்டிப் பார்த்து, இதை எந்தக் கடையில் வாங்கினாய், ஏமாந்துவிட்டாய் என்றீர்கள். முதல் பேச்சே அதுதான். அன்றிலிருந்து அக்கா முறையில் எனக்கு நீங்கள் ராத்தா, அண்ணன் முறையில் உங்கள் வீட்டுக்காரர் காக்கா.

காக்கா காலையில் ஜவுளிக்கடையைத் திறக்கப் போனால் ராத்திரிதான் வருவார். உங்கள் ஒரே மகன் அமெரிக்காவில். உங்களுக்கு மூச்சுத் தொந்தரவு ஆஸ்துமா என்றுதான் ஆரம்பித்தது. பிறகு டாக்டர் அதற்கு வேறு பெயர் சொன்னார். மருந்தைப் புகையாக்கி மூக்கு வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் ஒன்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னதும், மகன் அடுத்த லீவில் அமெரிக்காவிலிருந்தே ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நீங்கள் அதற்கு வைத்த பெயர் புகை மெஷின்.

அது அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவதில் ஏறக்குறையப் பாதிதான் அதற்கு வேண்டும். நேராகச் சொருகினால் எரிந்துபோகும். அதற்காகக் காக்கா ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்தார். செங்கல் அளவுக்கு இரும்புப் பெட்டி, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பெட்டியைச் சுவரில் சொருகி, மெஷினைப் பெட்டியில் சொருக வேண்டும். ஓட ஆரம்பித்ததும் பெட்டி சூடேறி, வெயிலில் நிறுத்தின பழைய காருக்குள் வருகிற மாதிரி ஒரு வாடை வரும். இங்கேயே மருந்துக்கடையில் நம் கரண்டுக்கு ஓடுகிற மெஷின் கிடைக்கிறதே, இந்தப் பெட்டியைக் கட்டி அழ வேண்டுமா என்று காக்கா பலமுறை சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. பிள்ளை மடியில் வைத்துத் தூக்கி வந்ததை ஒதுக்கிப் போட உங்களுக்கு மனசில்லை.

அந்த மெஷின் ஓடும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். முதலில் அந்தி நேரம், மஃரிபுக்குப் பிறகு ஒரு தடவை. பிறகு காலையிலும். காக்கா கடைக்குக் கிளம்பி, லிஃப்ட் கதவு மூடின பிறகுதான் காலைச் சத்தம் கேட்கும். அவருக்குத் தெரியாமல் போடுகிறீர்கள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மக்காவுக்கு உம்ரா யாத்திரையாகப் பஸ்ஸில் போகும் குழுவில் நாங்கள் பெயர் கொடுத்ததும் நீங்களும் வருகிறேன் என்றீர்கள். காக்காவுக்குக் கடையை விட முடியவில்லை. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, பார்த்துக் கூட்டிக்கொண்டு போய் வா தம்பி என்றார். போவதற்கு முந்தைய நாள் நீங்கள் ரோலாவில் இன்னொரு சின்ன அடாப்டரும் வாங்கினீர்கள். சவூதியில் பழைய கட்டடங்களில் இரண்டு தட்டைக் கம்பி சொருகுகிற ஓட்டைதான் இருக்கும், நம் மூன்று கம்பி பிளக் அதில் போகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லாம் தயார் என்று பையைத் தட்டிக் காட்டினீர்கள். கம்பி பொருந்தினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எல்லையில் சுங்கக்காரர் உங்கள் பையிலிருந்து கன்வர்ட்டரை வெளியே எடுத்தார். பெரிய ஆளாக இருந்தும் எடை எதிர்பார்க்காமல் அவர் கை கீழே போனது. என்ன இது என்று அரபியில் கேட்டார். நீங்கள் நெஞ்சைத் தொட்டு "தவா மெஷின்" என்றீர்கள். தவா என்றால் இந்திக்காரருக்கும் மருந்து, அரபிக்காரருக்கும் மருந்து. ஆனாலும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் முகத்தையும் நிறைய நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். அந்த மனிதருக்கு என்ன தோன்றியது என்று பஸ்ஸில் ஏறின பிறகும் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் உதடு அன்று லேசாக நீலம் பூத்திருந்தது.

அதற்குப் பிறகு வெறும் பாலைவனம். மதியம் லுஹர் தொழுகைக்கு ஓரிடத்தில் பஸ் நின்றது. பெண்கள் தொழும் அறையில் நம் ஊர் மாதிரியே மூன்று கம்பிக்கான பாயிண்ட் இருப்பதைப் பார்த்துவிட்டு, புகை போட்டுக்கொள்கிறேன், கன்வர்ட்டரை எடு என்றீர்கள். நான் பையில் கை விட்டேன். இரும்புப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த துணி ஒன்று கையில் பட்டது. தைக்காத துணி. ஒரு ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை. பிரித்துப் பார்க்காமலே அது இறந்தவருக்குச் சுற்றும் கஃபன் துணி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் கொண்டு போறதுதானே புள்ள. மக்காவுல ஜம்ஜம் தண்ணில நனைச்சு வச்சுக்கறது" என்றீர்கள். உண்மைதான். என் மாமியாரும் அப்படி ஒன்று வைத்திருந்தார். ஆனால் என் மாமியார் அதை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். நீங்கள் அடியில் வைத்திருந்தீர்கள்.

பஸ் கிளம்பி, மற்றவர்கள் கண்ணயர்ந்த பிறகு என் காதருகே குனிந்து மற்றதையும் சொன்னீர்கள். போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வழியில் ஏதாவது ஆனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறார். காக்காவுக்கு அது தெரியாது.

"நீயும் சொல்லாத. அங்கேயே அல்லாஹ் எடுத்துக்கிட்டான்னா அதைவிட என்ன வேணும் எனக்கு?"

அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மக்கா போய்ச் சேரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தாயிஃப் அருகில் எல்லாரும் இறங்கி, உம்ரா செய்கிறோம் என்று மனதில் நிய்யத்து வைத்தோம். வயதான ஆண்கள்கூட வேகவேகமாக நடந்தார்கள். நீங்கள் பஸ் படியைப் பிடித்தபடி, ஏதோ மறந்துபோன மாதிரி பாவனை செய்து நின்றீர்கள். மூச்சு வாங்குவதற்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த கட்டடம் கஃபா இருக்கும் ஹரம் பள்ளியிலிருந்து தள்ளி, மேட்டில் இருந்தது. பழசு. ஏசி ஜன்னலோடு சேர்த்துப் பதித்திருந்தது, அதன் ஒயர் நேராகச் சுவருக்குள் போனது. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன அறை. ஆண்கள் எல்லாரும் மேல் மாடியில். கதவோரம் இருந்த பாயிண்டில் கரண்டே வரவில்லை. கட்டில் பக்கத்தில் இருந்ததில் இரண்டு தட்டைக் கம்பிக்கான ஓட்டை. நீங்கள் வாங்கி வந்த சின்ன அடாப்டர் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. பார்த்தாயா என்பது மாதிரி என்னைப் பார்த்தீர்கள்.

நான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுபோயிருந்த கெட்டிலை அதில் மாட்டி, பாலில்லாத கடுஞ்சாயா போடலாம் என்று தண்ணீர் வைத்தேன். கொதிக்கவே இல்லை. துணி மடித்து, கைகால் கழுவி ஒளு செய்து, தொழுது முடித்த பிறகும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் அடிபட்டுக் கெட்டில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, அந்தத் தண்ணீரிலேயே சாயாத்தூளைப் போட்டுக் குடித்தோம். வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் சேர்ந்து உம்ரா செய்யப் போவதாக ஏற்பாடு. அதுவரை படுங்கள் என்று சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்கு ஆண்கள் ஹரமுக்குப் போய்விட்டார்கள். மற்றப் பெண்களும் போய்விட்டார்கள். உங்களுக்காக நான் தங்கினேன். பாங்கு சொல்லும் சத்தம் மேட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தபோது, உங்கள் மூச்சு மாறுவதைக் கேட்டேன். விசில் மாதிரி ஒரு சத்தம் எப்போதும் இருக்கும். அது நின்றுவிட்டது. நல்லதாகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தீர்கள். காற்று போகவே இல்லாததால்தான் சத்தம் இல்லை.

கையால் உறிஞ்சுகிற பஃப்பை அடித்துப் பார்த்தீர்கள், கேட்கவில்லை. நான் மெஷினை எடுத்தேன். கன்வர்ட்டரை அடாப்டரில் மாட்டி, மெஷினைக் கன்வர்ட்டரில் மாட்டி, மருந்தை ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். அது ஓடவில்லை. நின்றுபோகவும் இல்லை. அடைத்த தொண்டையில் யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மாஸ்க்கில் புகை வரவில்லை. அணைத்துப் போட்டேன், அதே முனகல். கன்வர்ட்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடுகூட ஏறவில்லை. எப்போதும் கருகின வாடை வருமே என்று நான் பயந்த பெட்டி, அன்று ஒரு வாடையும் இல்லாமல் ஜில்லென்று இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. தொழுகையில் இருப்பார். கீழே ஓடினேன். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை, நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. வாசலுக்கு வந்தால் எதிரே மருந்துக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது, உள்ளே விளக்கு அணைந்திருந்தது. தெருவில் இருந்த எல்லாக் கடையும் அப்படித்தான். நிறையப் பேர் தெருவிலேயே வரிசையாக நின்று தொழுதுகொண்டிருந்தார்கள். யாருமே திரும்பவில்லை. திரும்பவும் கூடாது. அத்தனை மனிதர்களுக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பிறகும் இல்லை. ஆம்புலன்ஸ் நம்பர் எனக்குத் தெரியாது. மேலே ஏறும்போது படியில் கால் இடறி முழங்கால் அடிபட்டதுகூட மறுநாள்தான் தெரிந்தது.

நான் வந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த பாயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பொட்டியக் கழட்டு" என்றீர்கள்.

"கழட்டிட்டு?"

"நேரா சொருகு."

எனக்கு விளங்கவில்லை. மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். இத்தனை நாளும் மகனும் காக்காவும் என்னிடம்கூடச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியது அந்த ஒன்றைத்தானே. கன்வர்ட்டர் இல்லாமல் சொருகினால் எரிந்துபோகும். இருப்பது இந்த ஒரு மெஷின். அது எரிந்துபோனால் கதவு திறந்து யாராவது வரும்வரை நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத்தான் ஏதோ உளறலாகச் சொன்னேன். நீங்கள் கையை நீட்டி மேசையைக் காட்டினீர்கள்.

"கெட்டில்... கொதிக்கல."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கெட்டில் கெட்டுப்போகவில்லை. அந்தச் சுவரிலேயே பாதிக் கரண்டுதான் வருகிறது. அமெரிக்காவில் வருவது மாதிரி. அந்தப் பாதியையும் நம் பெட்டி இன்னும் பாதியாக்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மெஷின் முனகுகிறது. அப்படியானால் நேராகச் சொருகினால் ஓடும். ஆனால், கெட்டில் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால்? ஒரு வெதுவெதுத் தண்ணீரை நம்பி இதைச் செய்யலாமா? மெஷினின் ஒயரைக் கன்வர்ட்டரிலிருந்து உருவி, கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பிகள் இரண்டும் தட்டை. எந்த அடாப்டரும் இல்லாமல் அந்த ஓட்டைக்குள் அப்படியே போகும். முடியவில்லை ராத்தா. பஸ்ஸில் நீங்கள் சொன்னது வேறு காதில் கேட்டது. அங்கேயே எடுத்துக்கொண்டால் அதைவிட என்ன வேண்டும். பைக்குள் வெள்ளைத் துணி வேறு இருக்கிறது. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களிடம் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் அந்தப் பேச்சுக்குத்தான் செலவழித்தீர்கள்.

"நான் சொல்லித்தான்... போட்டேன்னு... காக்காகிட்ட சொல்லு. போடு."

போட்டேன்.

மெஷின் கத்தியது. எரிந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மாஸ்க்கிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. ஷார்ஜாவில் ஓடியதைவிட வேகமாக, கூர்மையான சத்தத்தோடு ஓடியது. உங்கள் முகத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்திப் பிடித்தேன். நிறைய நேரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அந்தப் பழைய விசில் சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதது உங்களுக்கு நினைவிருக்கும்.

தொழுகை முடிந்து என் வீட்டுக்காரர் வந்ததும் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். இந்த நிலையில் யார் இவரைப் பயணம் கூட்டி வந்தது என்று அங்கிருந்த டாக்டர் என் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொண்டார். அவர் ஒன்றும் தெரியாமல் தலையைக் குனிந்து நின்றார். நீங்கள் மாஸ்க்குக்கு மேலாக என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணால் கேட்டீர்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் உம்ராவை முடித்தோம். பிறகு போன மதீனாவில், ஜம்ஜமில் நனைத்த அந்தத் துணியை அறையின் ஜன்னல் கம்பியில் காயப் போட்டீர்கள். ஏசி காற்றில் அது மெதுவாக அசைந்தது. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், எல்லை நெருங்கும்போது, நான் கேட்டுவிட்டேன். அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும் என்றீர்களே, பிறகு ஏன் போடச் சொன்னீர்கள் என்று. நீங்கள் வெளியே ஒட்டகங்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மூச்சு முட்டறப்போ ஒரு துஆவும் ஞாபகம் வரல புள்ள. அடுத்த மூச்சு மட்டும்தான் வேணும்னு இருந்துச்சு."

இன்னொன்றும் சொன்னீர்கள்.

"உன் மூஞ்சியையும் பாக்க முடியல."

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. ஷார்ஜா வந்ததும் மெஷின் மறுபடியும் பெட்டிக்குள் சொருகப்பட்டது, மறுபடியும் அந்தச் சூட்டு வாடை. ஆனால் சுவர் வழியாக வரும் சத்தம் நிற்காமல் கூடிக்கொண்டே போனது. காலை, மதியம், அஸருக்கு முன், மஃரிபுக்குப் பின். நான் சமைத்துக்கொண்டிருப்பேன், ஆரம்பிக்கும். என் கை தானாக அடுப்பைக் குறைக்கும். அது ஓடி முடிகிறவரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. காக்காவிடம் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றீர்கள். ஊரில் பெரிய வீடு இருக்கிறதே என்றேன்.

"வீடு இருக்கு. அந்தப் பக்கம் யாரு இருக்கா? இங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ இருக்கே" என்றீர்கள்.

உங்கள் வீட்டுச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்தீர்கள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

நடுவில் நல்ல நாட்களும் இருந்தன என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பெருநாளைக்கு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எனக்கு வட்டிலப்பம் செய்யச் சொல்லிக் கொடுத்து, நான் கெடுத்ததை நாமிருவரும் காக்காவுக்குத் தெரியாமல் தின்று தீர்த்தோம். மகன் வீடியோவில் வரும்போதெல்லாம் உதட்டில் லேசாகச் சாயம் பூசிக்கொள்வீர்கள். வயதான காலத்தில் உம்மாவுக்கு அலங்காரம் என்று அவன் கேலி செய்வான். நீலம் தெரியக் கூடாதென்றுதான் பூசுகிறீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவன் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரிப்பேன்.

குளிர்காலம் தொடங்கின ஒரு காலையில், காக்கா கிளம்பி, லிஃப்ட் மூடி, மெஷின் ஆரம்பித்தது. நான் துணி துவைக்கப் போட்டேன். மீனைக் கழுவினேன். சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் மருந்து தீர்ந்ததும் நீங்கள் அணைத்துவிடுவீர்கள். அன்று அது நிற்கவில்லை. கை கழுவாமல், மீன் நாற்றத்தோடு சுவரில் காதை வைத்தேன். சுவரைத் தட்டினேன். ராத்தா என்று கூப்பிட்டேன். மெஷின் மட்டும் பதில் சொல்வது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வந்து, பூட்டில் நுழைக்க முடியாமல் நுழைத்துத் திறந்தேன்.

நீங்கள் ஜன்னல் பக்க நாற்காலியில் இருந்தீர்கள். மாஸ்க் மடியில் கிடந்தது. மருந்துக் கிண்ணம் காய்ந்துபோயிருந்தது. முகத்தில் பயம் எதுவும் இல்லை, அதை மட்டும் நான் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். போன் செய்தேன், காக்காவைக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸ் வந்தது, அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இவ்வளவும் நடந்து முடிகிறவரை மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸில் வந்த பையன் ஒருவன் குனிந்து சுவிட்சைத் தட்டினான். அந்த அமைதி என்னால் தாங்கக்கூடியதாக இல்லை. அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து, குளிப்பாட்ட வந்த பெண்களிடம் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் மகன் மறுநாள் வந்தான். அடக்கம் முடிந்திருந்தது. எல்லாரும் போன பிறகு அவன் அந்த மெஷினைத் திருப்பி வைத்து, அடியில் ஒட்டியிருந்த சின்ன எழுத்துகளையே படித்துக்கொண்டிருந்தான். கன்வர்ட்டர் கரண்டின் அளவை மட்டும்தான் குறைக்கும், அமெரிக்கக் கரண்டின் துடிப்பு வேறு, இந்த ஊர்த் துடிப்பு வேறு, இங்கே மெஷின் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியிருக்கும் என்று ஏதேதோ சொன்னான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"சாச்சி, நான் வாங்கிட்டு வந்ததாலதான் உம்மாவுக்கு மருந்து சரியா போகலையோ?"

அவன் முகம் அன்று உங்கள் முகம் மாதிரியே இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் கேட்டதை மீறினேன். அந்த அறையை, கெட்டிலை, முனகலை, தெருவில் தொழுதுகொண்டிருந்தவர்களை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மெஷின் இல்லையென்றால் உன் உம்மா அந்த அறையிலேயே மவுத்தாகியிருப்பார், அதற்குப் பிறகு கிடைத்த மாதங்களை அதுதான் கொடுத்தது என்றேன். அவன் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் பஸ்ஸில் நீங்கள் என் காதில் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. காக்காவிடமும் சொல்லவில்லை. அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். எல்லை அருகே நீங்கள் எனக்கு இரண்டு பதில் சொன்னீர்கள். உங்களுக்கே அடுத்த மூச்சு வேண்டியிருந்ததால் போடச் சொன்னீர்களா, அல்லது பயந்து நின்ற என் முகத்துக்காகத் திரும்பி வந்தீர்களா? முதலாவது என்றால் அந்த மாதங்கள் உங்களுடையவை. இரண்டாவது என்றால் அவற்றை நீங்கள் எனக்குக் கொடுத்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு மூச்சாகக் கஷ்டப்பட்டு இழுத்துக் கொடுத்தீர்கள்.

எது என்று எனக்குத் தெரியாது ராத்தா. சில நாள் ஒன்று என்று தோன்றும், சில நாள் மற்றது. இரண்டில் எதுவானாலும் அந்த மாதங்கள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. கீழே வைக்க எனக்கு இடமும் தெரியவில்லை, வைக்க மனசும் இல்லை.